எட்டாவது டிரஸ்

எங்கள் பட்டறை வாசலில் சுவரோரமாக ஒரு டிரஸ் ரொம்ப நாள் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. டிரஸ் என்றால் வேறொன்றுமில்லை, ஷெட்டின் கூரையைத் தாங்குகிற இரும்புக் குழாய் முக்கோணம். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் வருவதற்குள் அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே வரிசையாகத் தெரியுமே, அதில் ஒன்று. ரெட் ஆக்சைடு ஒரு கோட் மட்டும் அடித்து அப்படியே விட்டுவிட்டார்கள். வெல்டர்கள் அதில் துண்டு காயப்போடுவார்கள். காக்கை வந்து உட்காரும். பௌர்ணமி அன்று கிரிவலம் போகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, உள்ளங்காலில் குத்திய கல்லைத் தட்டிவிட்டுப் போவார்கள். தினமும் காலையில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். பட்டதும் எனக்கு வயிறு எரியும். அது நிற்கவேண்டிய இடம் கீழ்பென்னாத்தூர். அங்கே ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், எட்டாவதாக.

பட்டறை எங்கள் முதலாளியுடையது. அவரைக் குறை சொல்ல ஆரம்பிக்கும் முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஆரம்பித்துவிட்டால் பிறகு எனக்கு அது ஞாபகம் வராது. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, சர்டிபிகேட் கவரைத் தூக்கிக்கொண்டு நான் திருவண்ணாமலையில் ஏறி இறங்காத படி கிடையாது. ‘சைட்டுக்குப் பொம்பளப் புள்ளைய எப்படிம்மா அனுப்புறது’ என்றே எல்லாரும் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி மட்டும் கவரைப் பிரிக்கவே இல்லை. ‘வரைவியா? வரைவேன்னா நாளைக்கே வா’ என்றார். சேர்ந்த வாரத்திலேயே எனக்கென்று ஒரு மேஜை, ஒரு ஃபேன், பின்பக்கம் பூட்டுப் போட்ட தனிக் கழிப்பறை. வருகிறவர்களிடமெல்லாம், ‘இது எங்க இன்ஜினியரம்மா. இது போட்ட டிராயிங் இல்லாம நான் ஒரு குழாய அறுக்க மாட்டேன்’ என்று பெருமையாக அறிமுகப்படுத்துவார். கேட்கும்போது எனக்கு உச்சி குளிரும். அது எத்தனை பெரிய புளுகு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

குழாயை என் டிராயிங்கை வைத்துத்தான் அறுப்பார், அதில் பொய் இல்லை. ஆனால் இடைவெளி மட்டும் அவர் வாயில் இருக்கும். ஒரு டிரஸுக்கும் அடுத்த டிரஸுக்கும் நடுவே எத்தனை அடி என்பதுதான் கூரையின் உயிர். டிரஸ்களுக்கு மேலே குறுக்காகப் பர்லின் என்கிற நீளச் சட்டங்கள் ஓடும், அவற்றின்மேல் ஷீட் உட்காரும். அலமாரிப் பலகைக்கு முட்டுக் கொடுக்கிறோம், முட்டைத் தள்ளித் தள்ளி வைத்தால் பலகை நடுவில் தொங்குகிறதல்லவா, அவ்வளவுதான் கணக்கு. பத்தடிக்கு என்று எடுத்த சட்டம் பத்தடிக்குத்தான் நிமிர்ந்து நிற்கும். இதை நான் முதலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, அவர் இரும்பிலேயே கிடந்து வளர்ந்தவர். ஆனால் எதிரே நிற்கிற மனிதரின் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்ல மட்டும் அவருக்கு நாக்கு எழாது. ஆசிரமம் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் மொட்டை மாடியில் ஷெட் போட வருவார்கள். உள்ளே உட்கார்ந்தால் மலை தெரியவேண்டும், உச்சிக்கு நேராகத் தூண் வரக்கூடாது என்பார்கள். ‘அதுக்கின்னாண்ணா, ஒரு அடி தள்ளிக்கலாம்’ என்பார். ஒருவருக்குத் தண்ணீர்த் தொட்டி இடிக்கும், ஒருவருக்கு ஏசிப் பெட்டி இடிக்கும். எல்லாருக்கும் அதே பதில். நான் கணக்குப் போட்ட தாளை நீட்டினால், வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்து, ‘எவ்ளோ நீட்டா வரஞ்சிருக்கு பாரு’ என்று மெச்சிவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ‘காகிதத்துல மழ பெய்யாதும்மா’ என்பார். காகிதத்தில் பெய்யாது சார், பெய்கிற இடத்துக்குத்தானே கூரை போடுகிறோம் என்றால் அதற்கும் சிரிப்பார். சண்டைக்கு வருகிற ஆளிடம் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். பாராட்டிக்கொண்டே காதில் வாங்காத மனுஷனை என்ன செய்வது?

கீழ்பென்னாத்தூர் மண்டபத்து வேலை வந்தபோது இந்தத் தடவை கெட்டியாக இருப்பது என்று முடிவு செய்தேன். மாடி ஷெட் என்றால் நாலு பேர் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இது சாப்பாட்டுக் கூடம். ஒரு பந்திக்கு ஊரே உட்காரும், குழந்தைகள் மேஜைக்கடியில் ஓடும். மண்டபம் கான்கிரீட் கட்டடம், அதை ஒட்டி எழுபது அடி நீளத்துக்கு ஷெட். சுற்றிலும் கடலைக் கொல்லை. மறைப்பு என்று ஒரு மரம் கிடையாது, சித்திரைக் காற்று நேராக வந்து அறையும். எழுபது அடிக்குப் பத்தடி இடைவெளியில் எட்டு டிரஸ் என்று வரைந்து, கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு, ‘சார், இதுல மட்டும் ஒரு அடிகூட தள்ளக் கூடாது’ என்றேன். ‘சத்தியமா தள்ள மாட்டேம்மா’ என்றார். என் தலையில் கை வைக்காத குறை. பட்டறையில் எட்டு டிரஸும் தயாராயின. சைட்டில் பக்கத்துக்கு எட்டாகத் தூண் குழிகளும் தோண்டியாயிற்று. நானும் நம்பித் தொலைத்தேன்.

கான்கிரீட் போடுகிற அன்று காலையில் மண்டபக்காரர் வந்தார். நிலபுலன் உள்ளவர், அதிர்ந்து பேசாத மனிதர். மடக்கிய குடையைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் குழியிலிருந்து ஒவ்வொன்றாகக் குடை நுனியால் தொட்டுக்கொண்டே நடந்தார். ‘இந்திரன், எமன், ராஜா. இந்திரன், எமன், ராஜா.’ எங்கள் பக்கம் வீட்டுப் படிக்கட்டையும் உத்திரத்தையும் இப்படித்தான் எண்ணுவார்கள். எண்ணிக்கை இந்திரனில் முடியலாம், ராஜாவில் முடியலாம், எமனில் மட்டும் முடியக் கூடாது. எட்டாவது குழியில் குடை நின்றது. எட்டு, எமன். ‘இன்னா தம்பி, கல்யாணம் நடக்குற எடத்துல எமனைக் கொண்டாந்து ஒக்கார வெச்சிருக்க’ என்றார் முதலாளியிடம். நிஜமாகச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டுப் படிக்கட்டை என் அப்பா அப்படித்தான் எண்ணினார், நானும் கூடவே எண்ணியவள்தான். அதற்கு வழி இல்லாமலும் இல்லை. ஒன்றைக் கூட்டினால் ஒன்பது, ராஜா. இடைவெளி குறையும், கூரை இன்னும் கெட்டியாகும். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். ‘அதுக்கின்னாண்ணா, ஒண்ண எடுத்துட்டா ஏழு. இந்திரன்!’ மண்டபக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்த முகத்தை மறுபடி சுருங்கவைக்க எங்கள் முதலாளியால் ஆகுமா?

முதலாளியைக் கலவை மெஷினுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். ‘ஏழுன்னா பன்னெண்டடிக்குப் பக்கத்துல வந்துடுது சார். பர்லின் தாங்காது. ஒம்போதாக்குங்க, அவருக்கும் சந்தோஷம்’ என்றேன். தீபத்துக்கு முன்னால் மூன்று கெஸ்ட் ஹவுஸுக்கு ஷெட் முடித்துக் கொடுக்கவேண்டும், பட்டறையில் கால் வைக்க இடமில்லை, இன்னொரு டிரஸ் பண்ணவேண்டுமென்றால் தீபம் முடிகிறவரை இந்த வேலை நிற்கவேண்டும் என்றார். ‘நிக்கட்டுமே சார். நாளைத் தள்ளுங்க, தூணைத் தள்ளாதீங்க.’ ‘தையில மொத கல்யாணம்னு சொல்லி வெச்சிருக்காரும்மா. அவர்கிட்டப் போய் லேட்டாவும்னு எப்படிம்மா சொல்றது?’ அதுதான் எங்கள் முதலாளி. அப்படியானால் பர்லினையாவது கனமானதாக மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். அது ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டதாம், திருப்பி அனுப்பினால் கடைக்காரர் வருத்தப்படுவாராம். கடைக்காரர் வருத்தப்படுவாராம்! என் கண்ணெதிரே தோண்டிய குழிகளை மூடி, சுண்ணாம்புக் கோட்டை மாற்றி இழுத்து, வேறு குழிகளைத் தோண்டினார்கள். ஏழு டிரஸ் லாரியில் ஏறிப் போயிற்று. எட்டாவது பட்டறை வாசலில் நின்றுவிட்டது.

மனசு ஆறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மண்டபக்காரர் வீட்டுக்கே போனேன். ஐயா, எமனும் வேண்டாம், ஏழும் வேண்டாம், ஒன்பதாக்கிக்கொள்ளுங்கள், பெரிய காற்று வந்தால் இந்தக் கூரை பத்திரமில்லை என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மோர் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, என் எதிரிலேயே முதலாளிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். ‘அது படிச்ச புள்ளண்ணா, கொஞ்சம் பயப்படுது. நல்ல எண்ணத்துலதான் சொல்லுது. நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க’ என்றது முதலாளியின் குரல். மண்டபக்காரர் என்னைப் பார்த்து, ‘பொறுப்பான பொண்ணும்மா நீ’ என்று சொல்லி ஒரு பை நிறைய வேர்க்கடலை கட்டிக் கொடுத்தார். மறுநாள் பட்டறையில் முதலாளி கத்துவார், கத்தினால் நானும் கத்தலாம் என்று தயாராகப் போனேன். ‘கீழ்பென்னாத்தூர் போனியாமே, பஸ்சுல எதுக்கும்மா போன? சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே’ என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த சித்திரையில் ஒரு சாயங்காலம் மழைக்கு முன்னால் காற்று வந்தது. இரண்டு ஷீட் பிய்த்துக்கொண்டு போய்க் கடலைக் கொல்லையில் விழுந்தது. நல்லவேளை, அன்று மண்டபத்தில் கல்யாணம் இல்லை. மறுநாள் முதலாளியும் நானும் போய்க் கூடத்துக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தோம். டேப்பும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், பர்லின்கள் நடுவில் தொய்ந்திருந்தது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இன்றைக்காவது இந்த மனுஷன் வாயிலிருந்து உண்மை வரும் என்று காத்திருந்தேன். ‘ஸ்க்ரூ கம்மியா போட்டுட்டானுங்க’ என்றார். ‘சார், எட்டாவது வாசல்லதான் நிக்குது. கொண்டாந்து நடுவுல ஏத்திடலாம். கூடவே இன்னும் ஒண்ணு பண்ணிட்டா ஒம்போது’ என்றேன். ‘ஆரம்பத்துல ஏழுதான் சரின்னு நாந்தானே சொன்னேன். இப்பப் போயி மாத்தினா அவர் இன்னாம்மா நெனப்பாரு’ என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். பிறகு, ‘பாக்கலாம்’ என்றார். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்று சொன்னால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். ஸ்க்ரூ ஜாஸ்தியாகப் போட்டு ஷீட்டை மாட்டிவிட்டு வந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் கட்டர் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தேன், எட்டாவது டிரஸை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த கெஸ்ட் ஹவுஸ் மாடிக்கோ குழாய் குறைந்ததாம்.

அவருடைய மகள் கல்யாணத்தை மறக்கவே முடியாது. அதே மண்டபம்தான். தம்பி வீட்டு விசேஷம் வேறெங்காவது நடந்தால் நான் விடுவேனா என்று மண்டபக்காரர் உரிமையோடு சொல்லிவிட்டாராம், முதலாளிக்குத்தான் முடியாது என்று சொல்ல வராதே. தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடப் போனேன். கூடத்தில் ஒரு மேஜை இல்லை, ஒரு நாற்காலி இல்லை. காய்கறி மூட்டையும் காலி கேனும்தான் கிடந்தன. வெளியே மைதானத்தில் கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, பெரிய பந்தல் போட்டு அதில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வந்தவர்களெல்லாம் ‘எவ்ளோ தாராளம் பாரு’ என்று பேசிக்கொண்டார்கள். பட்டு வேட்டியில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு முதலாளி பந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘இன்னாம்மா, சாப்ட்டியா?’ என்றார். ‘உள்ளேயே டைனிங் ஹால் இருக்கே சார்’ என்றேன். ‘உள்ள ஒரே வெக்கையா கீதும்மா. வெளியன்னா காத்தோட்டமா இருக்கும்.’ ‘அந்தக் காத்துக்குத்தான் சார் நானும் பயந்தேன்’ என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு நொடி எங்கோ போய்விட்டு வந்தது. என்னைப் பார்க்கவில்லை. பரிமாறுகிறவரைப் பார்த்து, ‘இன்ஜினியரம்மாவுக்கு எலை போடு, பாயசம் நெறைய வை’ என்று கத்தினார்.

அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்காதது அதனால்தான். தெரியாமல் செய்தார் என்றால் அறியாமை என்று விட்டுவிடலாம். தன் பெண்ணை அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்த்த மனசு வராதவர், ஊரார் பெண்களை முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் உட்காரவைத்தார், அதுவும் ஒரு மனிதரின் முகம் சுருங்கக்கூடாது என்பதற்காக. அந்த மாதத்தோடு நான் வேலையை விட்டுவிட்டுத் தனியாக வீட்டு பிளான் போட ஆரம்பித்தேன். அதற்கும் அவர்தான் முதல் வாடிக்கையாளரை அனுப்பிவைத்தார், ‘நம்ம இன்ஜினியரம்மா, கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்’ என்று சொல்லி. இப்படிப்பட்ட ஆளை முழுசாக வெறுக்கவும் முடியாமல் போனது எனக்கு இன்னொரு எரிச்சல். நெஞ்சுவலியில் அவர் போனபோது, மாலையோடு வந்த மண்டபக்காரர் எல்லார் எதிரிலும் சொன்னார்: ‘அவன் போட்ட ஷெட்டு ஒண்ணாவது விழுந்துச்சின்னு யாராவது சொல்லச் சொல்லுங்க.’ என்னத்தைச் சொல்வது? விழுந்தால்தான் நான் சொன்னது சரி என்று ஊர் ஒத்துக்கொள்ளும். சித்திரைக் காற்று கிளம்பினால், அண்ணாமலையாரே, இன்றைக்கு விழக்கூடாது என்று முதலில் வேண்டிக்கொள்கிறவளும் நான்தான். ஜெயிக்கவே கூடாத ஒரு வாதத்தைத் தலைமேல் ஏற்றிவிட்டுப் போய்விட்டார் மனுஷன்.

போன வருஷம் என் அண்ணன் தன் பெண் கல்யாணத்துக்கு அதே மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டு வந்து பத்திரிகையை நீட்டினார். ‘அண்ணா, அந்த மண்டபம் வேணாம். சாப்புடுற எடத்துல கூரை சரியில்ல’ என்றேன். அவருக்குச் சுருக்கென்றது. ‘எத்தினி வருஷமா நிக்குது, நம்ம கல்யாணத்தன்னிக்குன்னு பாத்து விழப்போவுதா?’ அலமாரிப் பலகையிலிருந்து ஆரம்பித்து இடைவெளிக் கணக்கு மொத்தத்தையும் தாளில் வரைந்து காட்டினேன். அண்ணன் கொட்டாவி விட்டார். அண்ணி, ‘நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல விழுறது கிழுறதுன்னு பேசாத, தாயீ’ என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. பிறகு, ‘சரிண்ணா, பந்தியை மட்டும் வெளிய பந்தல் போட்டு வெச்சுக்கலாமே. காத்தோட்டமா இருக்கும்’ என்றேன். ‘அட, இது நல்லாருக்கே! இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?’ என்று அண்ணன் அப்போதே பந்தல்காரருக்குப் போன் போட்டார். இத்தனை வருஷம் நான் கத்திய உண்மைக்கு அசையாத உலகம், முதலாளியின் ஒரு பொய்க்கு உடனே எழுந்து நின்றது.

கல்யாணத்தன்று பந்தலுக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு பக்கத்துக் கம்பங்களை விரலால் எண்ணினேன். இந்திரன், எமன், ராஜா. எட்டு. அப்போது மண்டபக்காரர் மெதுவாக வந்து சேர்ந்தார். இப்போது அவருக்கு அந்தக் குடை ஊன்றுகோல். ‘ஒங்க மொதலாளியும் அவம்பொண்ணு கல்யாணத்துக்கு இப்படித்தான் வெளிய பந்தல் போட்டான். இன்னா ரசன அவனுக்கு!’ என்றார். ரசனை இல்லை ஐயா, பயம் என்றேன். உள்ளே இருக்கிற கூரை இன்னும் தொய்ந்துதான் இருக்கிறது, நடுவில் இரண்டு டிரஸ் சேர்த்துவிடுங்கள் என்று பழைய பாட்டை மறுபடியும் பாடினேன். ‘நீ இன்னும் மாறவேல்லம்மா’ என்று வாஞ்சையாகச் சிரித்தார். எனக்கு அந்த வாஞ்சையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. ‘அப்போ இதையும் எண்ணிப் பாருங்க. பந்தல்ல எட்டுக் கால். எமன்’ என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘பந்தக்காலை யாரும்மா எண்ணுவாங்க? சாயங்காலம் பிரிச்சிடப் போறாங்க. ஒக்காந்து சாப்புடு’ என்றார்.

உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். எதிரே ஷெட்டுக்குள், அடுத்த நாள் கல்யாணத்துக்கு மேஜைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.